இரும்பு முதலில், எண்கள் பிறகு

ஒரு கிலோகூட எடையில்லாத மாதிரி ஹெலிகாப்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 450 என்ற அளவுப்பெயரில் கடைகளில் கிடைப்பது. அதன் மேல்விசிறி ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், பிளேடின் நுனி விநாடிக்கு நூறு மீட்டருக்கு மேல் பாய்கிறது. மணிக்கு 360 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம் இது. நெல்லையிலிருந்து சென்னைக்கு ஓடும் வந்தே பாரத் ரயிலின் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். இதைக் கையில் வைத்திருப்பவர் விளையாட்டுப் பொருளை வாங்கியிருக்கவில்லை, ஓர் இயந்திரத்தை வாங்கியிருக்கிறார். அந்த இயந்திரம் சொன்னபடி கேட்குமா கேட்காதா என்பது வானத்தில் தீர்மானமாவதில்லை. வீட்டு மேசையில், மோட்டார் ஓடாத நிலையில், சிறிய திருப்புளியோடு உட்காரும் இரண்டு மணி நேரத்தில் தீர்மானமாகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ரிமோட்டின் திரையில் எண்களை மாற்றுவது எளிது. இணைப்புக் கம்பியைக் கழற்றி அரைச்சுற்று திருகி மாட்டுவது சிரமம். எளிதானதை முதலில் செய்துவிட்டுச் சிரமமானதை விட்டுவிடுகிறார்கள். ஹெலிகாப்டர் விழுவதற்கான காரணங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

ஹெலிகாப்டரின் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். விசிறியின் தண்டைச் சுற்றி ஒரு தட்டு இருக்கிறது, ஸ்வாஷ்பிளேட் என்பார்கள். அதன் கீழ்ப்பாதி நிற்கும், மேல்பாதி விசிறியோடு சேர்ந்து சுற்றும். தட்டு முழுதும் மேலே போனால் இரண்டு பிளேடுகளும் ஒரே அளவில் கோணம் கூட்டிக்கொள்ளும், ஹெலிகாப்டர் எழும். தட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் பிளேடு அந்தப் பக்கம் வரும்போது ஒரு கோணம், எதிர்ப்பக்கம் போகும்போது வேறு கோணம். ஹெலிகாப்டர் சாய்ந்து நகரும். சுற்றும் பம்பரத்தைத் தட்டினால் தட்டிய இடத்தில் சாயாமல் கால்சுற்று தள்ளிச் சாய்வதைப் பார்த்திருப்போம். பிளேடும் அப்படியே, ஆகவே கோண மாற்றம் கால்சுற்று முன்கூட்டியே கொடுக்கப்படும்படி தலைப்பகுதியை வடிவமைத்திருக்கிறார்கள். இந்தத் தட்டை அசைப்பவை பெரும்பாலும் சர்வோ எனப்படும் மூன்று சிறு மோட்டார்கள், 120 பாகை இடைவெளியில். நான்காவது சர்வோ வால் விசிறிக்கு. ரிமோட்டில் உள்ள இரண்டு குச்சிகளில் எது எதை அசைக்கும் என்பதற்கு மோட் 1, மோட் 2 என்று வழக்கங்கள் உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் மோட் 2: இடக்கைக்கு ஏற்றமும் வாலும், வலக்கைக்குச் சாய்வுகள். எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆபத்து நேரத்தில் யோசிப்பது மூளை அல்ல, விரல்.

இனி வாதத்துக்கு வருகிறேன். சர்வோவின் சிறு கை, குச்சி நடுவில் இருக்கும்போது இணைப்புக் கம்பிக்குச் செங்குத்தாக, 90 பாகையில் நிற்க வேண்டும். 14 மில்லிமீட்டர் நீளமுள்ள கை சரியாக 90 பாகையில் நின்று இரு பக்கமும் 40 பாகை ஆடினால், கம்பி இரு பக்கமும் 9 மில்லிமீட்டர் நகரும். அதே கை 15 பாகை தள்ளி மாட்டப்பட்டிருந்தால் ஒரு பக்கம் ஒன்பதரை மில்லிமீட்டரும் மறுபக்கம் ஏழே முக்கால் மில்லிமீட்டரும்தான் நகரும். மூன்று சர்வோக்களில் ஒன்று மட்டும் இப்படி இருந்தால் என்ன ஆகும்? தரையில் நிற்கும்போது ரிமோட்டில் ட்ரிம், அதாவது நடுநிலையைச் சற்று நகர்த்தும் திருத்தம், கொடுத்துத் தட்டைச் சமமாக்கிவிடலாம். கண்ணுக்கு எல்லாம் நேராகத் தெரியும். ஏற்றம் கொடுத்ததும் அந்த ஒரு சர்வோ மற்ற இரண்டைவிடக் கூடவோ குறைவாகவோ நகர்கிறது, தட்டு தானே சாய்கிறது. அந்தரத்தில் நிலையாக நின்ற ஹெலிகாப்டர் எழும்போது ஒரு பக்கம் உருளும், இறங்கும்போது எதிர்ப்பக்கம் உருளும். ட்ரிம் ஒரு புள்ளியில் மட்டுமே குறையை மறைக்கிறது. குறையோ குச்சியோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கிறது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்களை நம்பிப் பயிரிடுகிறவர்களுக்கு இது புரியும். கால்வாயின் தலைப்பில் மண் மேடிட்டுக் கிடக்கும்போது கடைமடைக்காரர் தன் வயல் வாயை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் தண்ணீர் வராது.

ஆகையால் ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும். மோட்டாரின் கம்பிகளை முதலில் கழற்றிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பிறகு எல்லா ட்ரிம்மையும் பூஜ்யத்தில் வைத்து, ஒவ்வொரு சர்வோவும் குச்சிக்கேற்ற திசையில் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். கையைச் சர்வோவின் பல்தண்டில் இடம் மாற்றி மாற்றி மாட்டி 90 பாகைக்கு மிக அருகில் கொண்டுவந்த பிறகுதான், மீதமுள்ள ஓரிரு பாகைக்கு ரிமோட்டின் உதவி. அடுத்து கம்பிகளின் நீளத்தைத் திருகித் தட்டைச் சமமாக்குவது. அதன் பின் தலைக்குப் போகும் கம்பிகளைத் திருகி, குச்சி நடுவில் இருக்கையில் பிளேடுக் கோணம் பூஜ்யம் ஆக்குவது. இதற்கு ஒரு கோணமானி உண்டு, கண்ணளவு போதாது. புதிதாகப் பறக்கிறவருக்கு மேலே 9 அல்லது 10 பாகை, கீழே 3 பாகை போதும். தலைகீழாகப் பறக்கும் வித்தைக்காரர்களுக்கு இரு பக்கமும் 11, 12 பாகை வேண்டும். அவர்களுடைய அமைப்பைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்வது தொடக்கக்காரர் செய்யும் பெரிய தவறு. அந்தரத்தில் நிற்க 5, 6 பாகை தேவைப்படும். பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலில் அது சற்றுக் கூடும்: 25 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்று சுமார் 5 விழுக்காடு அடர்த்தி குறைந்தது, பிளேடுக்குப் பிடிமானம் அந்த அளவு குறைகிறது. காலையில் சரியாக இருந்தது மத்தியானம் சோம்பிப்போனதுபோல் தெரிந்தால் இயந்திரத்தைக் குறை சொல்ல வேண்டாம். குச்சியின் எந்த நிலைக்கு மோட்டார் எவ்வளவு ஓட வேண்டும் என்ற வேகக்கோட்டை ரிமோட்டில் வரைவது இத்தனைக்கும் பின்னர்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இதெல்லாம் பழைய காலத்துப் பாடு, இன்று மூன்று அச்சுகளிலும் கைரோ இருக்கிறது, எந்தச் சாய்வையும் அதுவே திருத்திவிடும் என்பார்கள். வரலாறு அவர்கள் பக்கம் இருப்பதுபோலத்தான் தோன்றும். 1946இல் சான்றிதழ் பெற்ற பெல் 47 ஹெலிகாப்டரில் ஆர்தர் யங் வைத்த நிலைப்புத் தண்டின் வழிவந்த தண்டுதான், 1960களின் இறுதியில் ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் மாதிரி ஹெலிகாப்டரை நம்பத்தகுந்த முறையில் பறக்கவைத்த காலம் தொட்டுப் பல பத்தாண்டுகள் மாதிரிகளின் தலையில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தண்டை இன்று கைரோ உள்ள மின்னணுப் பெட்டி ஒன்று விரட்டிவிட்டது. பெட்டி திறமையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எதைக்கொண்டு திருத்துகிறது? அதே சர்வோவைக்கொண்டு. சர்வோவின் ஆட்டத்துக்கு எல்லை இருக்கிறது. கோணலாக மாட்டிய கையைச் சமாளிக்க அந்த ஆட்டத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே செலவாகிவிட்டால், காற்று தூக்கியடிக்கும் நொடியில் மிச்சம் இருப்பது குறைவு. பெட்டி குறையை நீக்குவதில்லை, தெரியாமல் வைத்திருக்கிறது. தெரியாத குறை தெரிகிற குறையைவிட மோசம். இன்னொன்று, பெட்டிக்குத் திசையைத் தவறாகச் சொல்லிவிட்டால் அது திருத்துவதற்குப் பதில் கெடுக்கும். வால் சிறிது இடம் போனால் இன்னும் இடம் தள்ளும், ஹெலிகாப்டர் தரையிலேயே பம்பரமாகச் சுழலும். சோதனை எளிது: கையில் பிடித்து மூக்கை முன்னால் சாய்த்தால் தட்டு பின்னால் சாய வேண்டும், வலம் சாய்த்தால் இடம் சாய வேண்டும், வாலைத் திருப்பினால் வால் சர்வோ எதிர்த்து இழுக்க வேண்டும். அரை நிமிட வேலை.

ட்ரோன் வந்த பிறகு ஹெலிகாப்டர் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானதே. நான்கு விசிறி ட்ரோனில் ஸ்வாஷ்பிளேட் கிடையாது. மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே எல்லாம் நடக்கிறது. ஜப்பானில் நெல்வயலுக்கு மருந்து தெளிக்க யமஹா நிறுவனம் 1987இல் ஆர்-50 என்ற ரிமோட் ஹெலிகாப்டரையும் 1997இல் ஆர்மேக்ஸ் என்ற மேம்பட்ட வடிவத்தையும் கொண்டுவந்தது. இன்று நம் ஊர் வயல்களுக்கு அந்த வேலைக்கு வருபவை பல விசிறி ட்ரோன்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன்கள் தரும் ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தை மத்திய அரசு 2023இல் ஏற்றது. அம்பை 16 நெல் நட்ட வயலில் இனி மருந்து தெளிப்பது முதுகில் சுமக்கும் ஸ்பிரேயரா, ட்ரோனா என்பது உண்மையான கேள்வியாகிவிட்டது. ஆனால் ட்ரோன் இந்த ஒழுங்கிலிருந்து தப்பிக்கவில்லை. ஒரு மோட்டார் பொருத்திய கை சற்றே முறுகியிருந்தால் ட்ரோன் தானே திரும்ப முயலும்; அதன் மின்னணுப் பெட்டி அதைத் தடுக்க ஒரே திசையில் சுற்றும் மோட்டார்களை அதிகம் ஓட்டும். பார்ப்பவருக்கு ட்ரோன் அசையாமல் நிற்கும், அந்த மோட்டார்கள் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாகியிருக்கும். மருந்துத் தொட்டி நிரம்பிய நிலையில், எல்லைக்கு அருகில் ஓடும் மோட்டாருக்கு அந்தச் சூடு சிறிய விஷயமல்ல. ஹெலிகாப்டரில் கையைப் பழக்கியவர் இறங்கிய உடனே மோட்டார்களைத் தொட்டுப் பார்ப்பார். அந்தப் பழக்கத்துக்காகவே பள்ளி, கல்லூரி மாணவர்கள் இதைக் கற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பறக்கும் இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நெல்லை மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் தளம் மூன்றும் இருக்கின்றன. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கின்றன; டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் மேலே அனுப்பக் கூடாது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணல் பார்க்க அகலமான மைதானம்போல் இருந்தாலும், விசிறிக் காற்று கிளப்பும் செம்மண் பொடி பேரிங்குகளையும் சர்வோவின் பற்சக்கரங்களையும் தின்றுவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று ஓயாது. புதியவர் அப்போது மேசை வேலையை வைத்துக்கொள்ளட்டும். பிசான அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயல், உரியவரின் அனுமதியோடு, காலை ஏழு மணிக்குள், நல்ல இடம். அங்கே போனதும் ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு ஹெலிகாப்டரின் பேட்டரியை மாட்ட வேண்டும். த்ராட்டில் ஹோல்ட் விசையைத் தட்டினால் மோட்டார் நிற்கிறதா, ரிமோட்டை அணைத்தால் ஹெலிகாப்டர் தானாக மோட்டாரை நிறுத்துகிறதா என்ற இரண்டையும், ஹெலிகாப்டரைத் தரையில் அசையாமல் நிறுத்தி, பிளேடுகளைக் கழற்றிய நிலையில் பார்க்க வேண்டும். பிளேடுகளை மாட்டிய பின் பத்து மீட்டர் தள்ளி நின்று, விசிறி முழு வேகம் எடுக்கும்வரை தரையிலேயே விட்டு, மெல்ல ஏற்றம் கொடுத்து ஒரு முழம் மட்டும் தூக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பிளேடுகளின் நுனியும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். இரண்டு கோடாகத் தெரிந்தால் உடனே இறக்கி, பேட்டரியைக் கழற்றி, மேலே போகும் பிளேடின் கம்பியை அரைச்சுற்று திருகிவிட்டு மறுபடி தூக்கிப் பார்க்க வேண்டும்.