பண்ணை வீட்டுக் கணக்கைக் காக்கும் சிறு கணிப்பொறி: தேர்ந்தெடுக்கும் முறை

கூட்டுறவுச் சங்கக் கடன் ரசீது, பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் கட்டிய ரசீது, மண் பரிசோதனை முடிவு, விதைத்த நாள், உரமிட்ட நாள், மருந்து தெளித்த கணக்கு, பால் ஊற்றிய கணக்கு என்று விவசாயி வீட்டில் சேரும் விவரங்கள் பல. முன்பு இவை தகரப் பெட்டியில் இருந்தன. இன்று பெரும்பாலும் செல்போனில் படமாக இருக்கின்றன. பெட்டியில் உள்ள காகிதத்தைக் கரையான் அரிக்க நாளாகும். செல்போன் கைதவறிக் கிணற்றில் விழ ஒரு நொடி போதும்.

சிட்டா நகல் தொலைந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஐந்து ஆண்டுகளாகக் குறித்து வைத்த மழைக் கணக்கையும், எந்த வயலில் எந்த ரகம் எத்தனை மூட்டை கண்டது என்ற கணக்கையும் எந்த அலுவலகத்திலும் கேட்டுப் பெற முடியாது. பயிர்ச் சேதம் ஏற்பட்ட நேரத்தில் ரசீதைத் தேடிக்கொண்டிருக்கவும் முடியாது. ஆகவே இவற்றை ஓரிடத்தில் சேர்த்துக் காப்பது அவசியம்.

இவ்வாறு சேர்த்து வைத்து, வீட்டில் உள்ளவர்கள் தத்தம் செல்போனில் பார்க்க வழி செய்யும் கணிப்பொறிக்குச் 'சர்வர்' என்று பெயர். ஓட்டலில் சர்வர் செய்வதையே இதுவும் செய்கிறது. கேட்டவருக்குக் கேட்டதை எடுத்து வந்து கொடுப்பதே இதன் வேலை. வீட்டில் வைஃபை ரவுட்டர் ஒன்று இருந்தால் போதும். இணையம் நின்று போனாலும் வீட்டுக்குள் இது வேலை செய்யும். இதற்கு மேசையை அடைக்கும் பெரிய கணிப்பொறி தேவையில்லை. ஒற்றைப் பலகைக் கணிப்பொறியே போதும்.

ஒற்றைப் பலகைக் கணிப்பொறி

செயலி, நினைவகம், இணைப்புத் துளைகள் யாவும் ஒரே பலகையில் அமைந்த கணிப்பொறி இது. இவ்வகையில் பெயர் பெற்றது 'ராஸ்பெரி பை'. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில், மாணவர்கள் கணிப்பொறி கற்பதற்காக உருவாக்கப்பட்ட இது, 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. இதன் நீளம் 8.5 செ.மீ.; அகலம் 5.6 செ.மீ. ஏறத்தாழ ஏ.டி.எம். அட்டையின் அளவுதான். சீனாவின் 'ஆரஞ்சு பை', தென் கொரியாவின் 'ஓட்ராய்டு' முதலியவையும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

வேலையை முதலில் முடிவு செய்க

கிணற்றின் ஆழத்தையும் ஊற்றையும் பாராமல் 10 குதிரைத்திறன் மோட்டார் வாங்குவோர் இல்லை. கணிப்பொறிக்கும் இதே விதி பொருந்தும். என்ன வேலைக்கு என்பதைத் தீர்மானித்த பின்னரே கடைக்குச் செல்ல வேண்டும்.

1. ரசீது, படம், கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து வைக்க மட்டும் என்றால், 1 ஜிகாபைட் நினைவகம் உள்ள பலகை போதும். 2016-ல் வந்த ராஸ்பெரி பை 3 இவ்வேலைக்குத் தாங்கும். ஆனால் படங்கள் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக நடக்கும்.

2. இத்துடன் மழை அளவு, மண் ஈரம், தொட்டி நீர்மட்டம் ஆகியவற்றைப் பதிவு செய்து வரைபடமாகப் பார்க்க வேண்டுமானால், 2 ஜிகாபைட் வேண்டும். 2019-ல் வந்த ராஸ்பெரி பை 4 இதற்கு ஏற்றது. இதில் கம்பி வழி இணைப்பும், டிஸ்க் இணைக்கும் யு.எஸ்.பி. துளையும் முந்தியதைவிட வேகமானவை.

3. மாட்டுக் கொட்டகையில் கேமரா வைத்து இரவு முழுவதும் பதிவு செய்ய வேண்டுமானால், 4 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ள பலகையைப் பார்க்கலாம். 2023-ல் வந்த ராஸ்பெரி பை 5 இவ்வகையில் சேரும்.

'ஸீரோ 2' என்ற மிகச் சிறிய பலகை விலை குறைந்தது. ஆனால் இதில் நினைவகம் அரை ஜிகாபைட் மட்டுமே. ரவுட்டருடன் கம்பியால் இணைக்கும் துளையும் இல்லை. ஆகவே வீட்டுச் சர்வருக்கு இது ஏற்றதல்ல.

மின் செலவு

ராஸ்பெரி பை 4 பலகையும் அதனுடன் ஒரு டிஸ்கும் சாதாரண வேலையில் ஏறத்தாழ 5 வாட் மின்சாரம் எடுக்கும். நாள் முழுவதும் ஓடினால் மாதத்திற்கு 3.6 யூனிட் ஆகும். 60 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணிப்பொறியை அவ்வாறே ஓட்டினால் 43.2 யூனிட் ஆகும். ஆண்டு முழுவதும் ஓட வேண்டிய சாதனத்திற்கு இந்த வேறுபாடு சிறிதல்ல.

அடாப்டரில் சிக்கனம் கூடாது

பலகை அடிக்கடி நின்றுபோவதற்குப் பொதுவான காரணம் மின்சாரக் குறைவே. பலர் வீட்டில் கிடக்கும் செல்போன் சார்ஜரை இணைத்து விடுகிறார்கள். ராஸ்பெரி பை 4 பலகைக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பை 5 பலகைக்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தேவை. பை 5 பலகைக்கு 3 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தால், அது யு.எஸ்.பி. துளைகளுக்கு விடும் மின்சாரத்தைக் குறைத்துக் கொள்ளும். அங்கே இணைத்த டிஸ்க் தடுமாறும். ராஸ்பெரி பை பலகையைத் திரையுடன் இணைத்துப் பார்க்கும்போது மூலையில் மின்னல் போன்ற குறி தோன்றினால், அது மின்சாரம் போதவில்லை என்பதற்கு அடையாளம்.

கணக்கு எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் நின்றால் அந்தப் பதிவு சிதைந்துவிடக்கூடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பலகையையும் ரவுட்டரையும் அதில் இணைக்கலாம். இல்லாதவர்கள் ரவுட்டருக்கென விற்கப்படும் சிறு யு.பி.எஸ். வாங்கலாம். இவற்றில் பல 12 வோல்ட் மட்டுமே தருபவை. 5 வோல்ட் தருகிறதா, தேவையான ஆம்பியர் தருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 12 வோல்ட்டைப் பலகைக்குக் கொடுத்தால் பலகை கருகிவிடும்.

மெமரி கார்டை நம்ப வேண்டாம்

இப்பலகைகள் பெரும்பாலும் செல்போனில் போடும் சிறு மெமரி கார்டிலிருந்தே இயங்குகின்றன. மெமரி கார்டில் ஓர் இடத்தில் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு உண்டு. மழை அளவையும் நீர்மட்டத்தையும் நிமிடத்திற்கு ஒரு முறை எழுதிக்கொண்டே இருந்தால் கார்டு விரைவில் தேய்ந்துவிடும். தேய்ந்த கார்டு முன்னறிவிப்பின்றி நின்றுபோகும்.

எனவே இயக்கும் மென்பொருளை மட்டும் கார்டில் வைத்து, விவரங்களை யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் எஸ்.எஸ்.டி. டிஸ்கில் எழுதச் செய்ய வேண்டும். சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க் விலை மலிவு. ஆனால் சுழலத் தொடங்கும்போது அதிக மின்சாரம் கேட்கும். அதற்குத் தனி அடாப்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. பலகையில் கூடுதல் நினைவகத்திற்குச் செலவிடும் பணத்தை நல்ல டிஸ்கிற்குச் செலவிடுவதே மேல்.

கடிகாரம் உண்டா?

விவசாயக் கணக்கிற்குத் தேதி உயிர் போன்றது. ராஸ்பெரி பை 4 வரை வந்த பலகைகளில் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் நின்று வந்ததும் அவை இணையத்தைக் கேட்டே நேரத்தைச் சரிசெய்து கொள்கின்றன. இணையம் இல்லாவிடில், அன்று பெய்த மழை வேறொரு நாளின் பெயரில் பதிவாகிவிடும். சிறு கடிகாரப் பலகை ஒன்றைத் தனியே வாங்கி இணைத்தால் இக்குறை நீங்கும். பை 5 பலகையில் கடிகாரம் உண்டு. அதற்குரிய பேட்டரியை மட்டும் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும்.

மென்பொருள்

பலகையின் வேகத்தைப் பார்த்து மட்டும் வாங்குவது, கதிரின் நீளத்தைப் பார்த்து மட்டும் விதை வாங்குவது போலாகும். விலை குறைந்த சில பலகைகள் வேகத்தில் சிறந்தவை. ஆனால் அவற்றை இயக்கும் மென்பொருள், வெளியான ஓரிரு ஆண்டுகளில் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடுவதுண்டு. பலரும் பயன்படுத்தும் பலகையானால், பழுது வந்தால் பக்கத்து ஊர்க் கல்லூரி மாணவர் கூடச் சரிசெய்து கொடுப்பார்.

கோப்புகளைப் பகிர்வதற்கு 'சாம்பா' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சம்பா நெல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமைத்ததும் கடவுச்சொல்லை மாற்றி, வீட்டிலுள்ள இருவருக்காவது அதைத் தெரிவித்து வைக்க வேண்டும். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரின் வாசலை இணையத்திற்குத் திறந்துவிடக் கூடாது.

வெப்பமும் இடியும்

ராஸ்பெரி பை பலகையில் செயலியின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸை எட்டினால், அது தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். தகரக் கூரைக்கு அடியிலும், வெயில் விழும் சன்னல் ஓரத்திலும், மோட்டார் அறையிலும் பலகையை வைக்கக் கூடாது. காற்றோட்டமுள்ள உறையில், எறும்பும் பல்லியும் புகாதபடி, சுவரில் உயரமாகப் பொருத்த வேண்டும். இடி மின்னல் நேரத்தில் அடாப்டரையும் ரவுட்டரின் கம்பியையும் கழற்றிவிடுவது பாதுகாப்பானது.

வயல் கருவிகளை இணைக்கும்போது

ராஸ்பெரி பை பலகையில் வரிசையாக உள்ள ஊசிகள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். மோட்டார் ஸ்டார்ட்டரின் கம்பியை இவற்றோடு நேராக இணைப்பது பலகைக்கும் உயிருக்கும் ஆபத்து. மலிவான மண் ஈரக் கருவிகள் தரும் அளவை இப்பலகை நேரடியாகப் படிக்கவும் இயலாது. வயலில் 'ஈ.எஸ்.பி. 32' போன்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையை வைத்து, அதன் வழியாக வீட்டிலுள்ள சர்வருக்கு அளவை அனுப்புவதே முறை. வைஃபை வெகு தூரம் எட்டாது என்பதால், வீட்டை ஒட்டிய நிலத்திற்கே இது பொருந்தும்.

இன்னொரு நகல் வேண்டும்

விதை நெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைக்கும் விவசாயி இல்லை. கணக்கிற்கும் அதே முன்னெச்சரிக்கை வேண்டும். சர்வரில் ஒன்று, கழற்றி வைக்கும் வேறொரு டிஸ்கில் ஒன்று, வெளியூரில் உள்ள மகள் அல்லது சகோதரர் வீட்டில் ஒன்று என மூன்று நகல்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு அமாவாசைக்கும் நகல் எடுப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நகலைத் திறந்து ஒரு படமாவது தெரிகிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

எல்லோருக்கும் தேவையா?

வீட்டில் ஒரே செல்போன், சில ரசீதுகள் மட்டும் உள்ளவர்களுக்குச் சர்வர் தேவையில்லை. இரண்டு பென் டிரைவ்களில் மாதம் ஒரு முறை நகல் எடுத்தால் போதும். வீட்டில் பழைய லேப்டாப் சும்மா இருந்தால், முதலில் அதையே சர்வராக ஓட்டிப் பார்க்கலாம். மின்சாரம் சற்றுக் கூடுதலாகும். எனினும் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், மின்வெட்டு நேரத்தில் அதுவே யு.பி.எஸ். ஆகிவிடும். பேட்டரி உப்பியிருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

மூன்று நான்கு செல்போன்கள் புழங்கும் வீட்டிலும், மழை, நீர்மட்டக் கணக்கைத் தொடர்ந்து எடுக்க விரும்புவோருக்கும், பக்கத்து நிலத்தாரோடு சேர்ந்து கணக்கு வைப்போருக்கும் ஒற்றைப் பலகைக் கணிப்பொறி ஏற்றது. பலகை நடுத்தரமானதாக இருந்தால் போதும்; அடாப்டரும் டிஸ்கும் தரமானவையாக இருக்க வேண்டும்; நகல் இல்லாமல் இருக்கவே கூடாது. பலகை பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். போன பருவத்தின் கணக்கைக் கடையில் வாங்க முடியாது. இதை மனத்தில் கொண்டு தேர்ந்தெடுத்தால் செய்த செலவு வீண் போகாது.