ஒளிக்குத் தோள் கொடுக்கும் ஒளி!

கோலார் தங்கவயல்:

சிவசமுத்திரத்தில் விழும் காவிரித் தண்ணீர், 1902-ம் ஆண்டில் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே மின்சாரமாக வந்து நமது சுரங்க யந்திரங்களை ஓட்டியது. எங்கோ பிறக்கும் சக்தி இங்கே வேலை செய்யும் என்பது தங்கவயல்காரர்களுக்குப் புதிய சேதி அல்ல.

ஆனால் ஓர் ஒளிக்கற்றை தன் சக்தியை இன்னோர் ஒளிக்கற்றைக்குக் கொடுக்கும் என்றால் நம்புவீர்களா? கொடுக்கிறது. அதற்கு வழி கண்டவர் ஒரு தமிழர்.

ஆபீஸ் நேரம் போக...

1888-ல் திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன், 1907-ல் கல்கத்தாவில் அரசாங்க நிதி இலாகாவில் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். ஆபீசுக்குப் போகும் முன்பும், ஆபீஸ் விட்ட பின்பும் பௌபஜார் தெரு விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917-ல் அந்தப் பெரிய உத்தியோகத்தை உதறி, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார்.

1928 பிப்ரவரி 28-ந் தேதி அவரும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனும் கண்டது இதுதான்: பொருளின்மேல் படும் ஒளியில் கோடியில் ஒரு பங்கு என்று சொல்லத்தக்க சிறு பகுதி, மூலக்கூறுகளை அதிரச் செய்கிறது. அந்த அளவுக்குச் சக்தி குறைந்து, நிறம் மாறி வெளியேறுகிறது. 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

லேசர் வந்தது

1960-ல் லேசர் பிறந்தது. 1962-ல் அமெரிக்காவில் உட்பரி, இங் என்ற இருவர் மாணிக்கக்கல் லேசரை நைட்ரோபென்சீன் திரவத்தின் வழியே செலுத்தினார்கள். நிறம் மாறிய ஒளி, கோடியில் ஒன்றாக அல்ல, ஏராளமாக வந்தது!

காரணம் என்ன? நிறம் மாறிய ஒளி அங்கே முன்பே இருந்தால், அது மூலக்கூறுகளைத் தூண்டி, பலமான கற்றையிலிருந்து மேலும் மேலும் தன்னைப் போன்ற ஒளியை வாங்கிக்கொள்கிறது. பெரிய கற்றை இளைக்கிறது. சிறிய கற்றை வளர்கிறது. மீதிச் சக்தி பொருளில் அதிர்வாகத் தங்கி வெப்பமாகிறது. கணக்கில் ஒரு காசுகூடக் குறையாது.

தள்ளு எஞ்சின்

இதனால் நமக்கு என்ன லாபம்? டெலிபோன் பேச்சைச் சுமக்கும் கண்ணாடி இழையில் ஒளி, 50 கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்காகவும், 100 கிலோமீட்டரில் நூறில் ஒரு பங்காகவும் தேய்ந்துவிடும். நெடுந்தூரக் கேபிள்களில் மறுமுனையிலிருந்து பலமான லேசரை எதிர்த்திசையில் அனுப்புகிறார்கள். மலைப்பாதையில் ரயிலுக்குப் பின்னால் சேர்க்கும் தள்ளு எஞ்சின் போல அது தளர்ந்த ஒளிக்குத் தோள் கொடுக்கிறது. ராமன் பெருக்கி என்றே அதற்குப் பெயர்.

ஒரே தேதி

1933-ல் பெங்களூர் வந்த ராமன், 1970-ல் அங்கேயே காலமானார். பிப்ரவரி 28, 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது.

2001-ல் நமது சுரங்கங்கள் மூடப்பட்டதும் அதே பிப்ரவரி 28-ந் தேதிதான். மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்கள் அந்த நாளை மறக்க முடியாது. அன்று மாலை, பறிபோன வேலையைப் பற்றிப் பேசும்போது, ஆபீஸ் விட்டபின் ஆராய்ச்சிக்குப் போன அந்தக் கணக்கு அதிகாரியைப் பற்றியும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்.