"போறதுக்கு முன்னால கொஞ்சம் வாழ்ந்துக்கிடுதேன், மாமா!"

வேலைக்குக் காத்திருப்பவர்களை நமக்குத் தெரியும். விசாவுக்குக் காத்திருப்பவர்களைத் தெரியும். 'பெண் பார்த்துட்டுப் போனாங்க, லெட்டர் போடறதாச் சொன்னாங்க' என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களை ரொம்பவே தெரியும். ஆனால், துறவறத்துக்கு 'வெயிட்டிங் லிஸ்ட்'டில் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் தூத்துக்குடிக் குடும்பத்தில் ஒருத்தி இருக்கிறாள். என் அக்கா மகள். வயது 23. கன்னியர் மடத்தில் சேரப் போகிறாள். 'போகிறாள்' என்றால் இன்றோ நாளையோ அல்ல. இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கிறாள்!

சினிமாவில் இது ரொம்ப சுலபம். காதல் தோல்வி, கொட்டுகிற மழை, கோயில் மணி ஒரு தடவை 'டாங்'... அடுத்த ஷாட்டில் கதாநாயகி தலையில் முக்காடோடு சிஸ்டர் ஆகியிருப்பார். நிஜத்தில் அப்படி நடக்காது. எல்.கே.ஜி. அட்மிஷனே தேவலை என்கிற அளவுக்கு விசாரணை உண்டு.

கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் வருடச் சட்டத் தொகுப்பு இதற்கென்றே விதிகள் வைத்திருக்கிறது. 17 வயது முடியாமல் 'நொவிஷியேட்' என்கிற பயிற்சிக் கட்டத்தில் சேர முடியாது. யாராவது மிரட்டியோ ஏமாற்றியோ சேர்த்து விட்டிருந்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது. நொவிஷியேட் குறைந்தது 12 மாதம். அதற்கு முன்னால் 'வந்து பாரும்மா, பழகிப் பாரும்மா' என்று ஒரு காலம். அதன் பிறகு எடுக்கிற வார்த்தைப்பாடும் தற்காலிகம்தான். மூன்றிலிருந்து ஆறு வருஷம். எல்லாம் முடிந்துதான் நிரந்தரம். ஓர் ஆஸ்பத்திரி டாக்டரை உருவாக்குகிற காலத்தைவிட இது குறைச்சலில்லை.

இன்னொரு விதிதான் எங்கள் கதைக்கு முக்கியம். திருப்பிக் கட்ட முடியாத கடன் இருப்பவர்களைச் சேர்க்கக் கூடாது. பாங்க்காரனுக்குப் பயந்து மடத்துக்குள்ளே போய் ஒளிந்துகொள்ள முடியாது, சார்!

இதைக் கிறிஸ்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். புத்த சங்கத்தின் விநய விதிகளிலும், பிட்சு ஆக வருகிறவனிடம் கேட்கச் சொல்லியிருக்கிற கேள்விகளில் இவை உண்டு: "கடன் இல்லாதவனா? அப்பா, அம்மா சம்மதம் வாங்கியாச்சா? 20 வயது நிறைந்ததா?" உலகத்தை விடப் போகிறவன், உலகத்துக் கணக்கை முதலில் நேர் செய்துவிட்டு வர வேண்டும். நியாயம்தானே?

என் மருமகள் காலேஜ் படிக்க பாங்க்கில் கடன் வாங்கியிருந்தாள். மடத்து சிஸ்டர் அன்பாகச் சொல்லிவிட்டார்: "லோனை முடிச்சிட்டு வாம்மா. அவசரமில்ல. கடவுள் எங்கேயும் ஓடிப் போயிர மாட்டார்." இவளும் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தாள். மாதா மாதம் தவணை போய்க்கொண்டிருந்தது.

பிரச்னை தவணையில் இல்லை. பெண்ணிடம் இருந்தது.

ஒன்றிலும் ஒட்ட மாட்டேன் என்றாள். கிறிஸ்துமஸுக்குப் புதுச் சுடிதாரா? "எதுக்கு மாமா? போகப் போறவதானே." மாதா கோயில் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவள் அதையும் நிறுத்திவிட்டாள். "புதுசா ஆளுங்களோட பழகி என்ன ஆகப் போகுது? போகப் போறவதானே." கண்ணாடியில் ஒரு காது உடைந்து நூல் சுற்றி மாட்டியிருந்தாள். அதற்கும் அதே பதில்.

ரயில்வே பிளாட்பாரத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். பேப்பர் வாங்க மாட்டார், காபி குடிக்க மாட்டார், பக்கத்து ஆளிடம் பேச மாட்டார். ரயில் மூணு மணி நேரம் லேட் என்று அறிவித்தாலும் பெட்டியை விட்டு எழுந்திருக்க மாட்டார். இவள் வீட்டுக்குள்ளேயே அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் மற்றவர்கள் சும்மாவா இருப்பார்கள்? அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை. கல்யாணத் தரகரிடம் 'சும்மா இருக்கட்டும்' என்று ஒரு பயோடேட்டா கொடுத்து வைத்திருந்தாள். அத்தானுக்கு வேறு கவலை. "போயிட்டு ஆறு மாசத்துல திரும்பி வந்துட்டான்னா ஊர்ல எப்படித் தலை காட்டறது?"

இதற்கு நடுவில் என் அம்மா. 84 வயது. வயதான மறதி முற்றி, என்னையே "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று மரியாதையாக விசாரிக்கிற நிலைமை. ஆச்சிக்குச் சோறு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் மருமகள் பொறுப்பு. செய்தாள். ஆனால் கை செய்யும், முகம் எங்கேயோ இருக்கும்.

தாய்மாமன் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறான்? ஒருநாள் சாயங்காலம் மக்ரூன் பொட்டலத்தோடு போனேன். அவள் ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு படம் இருந்தது. சிறுமலர் தெரசா. கையில் சிலுவையும் ரோஜாக்களுமாக இருக்கிற ஓவியம் அல்ல; நிஜ போட்டோ.

"மருமகளே, இந்த போட்டோவை யார் எடுத்தது தெரியுமா?"

தெரியாது என்றாள். நமக்கு அது போதாதா! உட்கார்ந்தேன்.

* * *

பிரான்ஸ் தேசத்தில் அலன்சோன் என்று ஓர் ஊர். அங்கே லூயி மார்ட்டின் என்ற வாலிபர். ஆல்ப்ஸ் மலையில் இருக்கிற புனித பெர்னார்டு மடத்தில் துறவியாகப் போய்க் கேட்டார். "லத்தீன் தெரியுமா? தெரியாதா? படித்துவிட்டு வா" என்றார்கள். படித்துப் பார்த்தார், வரவில்லை. கடிகாரம் ரிப்பேர் செய்கிற தொழிலுக்குப் போய்விட்டார். அதே ஊரில் செலி என்ற பெண். அவளும் கன்னியாஸ்திரியாகப் போய்க் கேட்டாள். "உனக்கு இது இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டு, சொந்தமாகத் தொழில் ஆரம்பித்து, ஆள் வைத்து வேலை வாங்கினாள். அலன்சோன் லேஸ் என்றால் அந்தக் காலத்தில் காஞ்சிபுரம் பட்டு மாதிரி!

மடத்தில் இடம் கிடைக்காத இந்த இரண்டு பேரும் 1858-ல் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொண்டார்கள். பிள்ளைகள் ஒன்பது. நான்கு சின்ன வயதிலேயே போய்விட்டன. மிஞ்சிய ஐந்தும் பெண்கள். ஐந்து பேரும் கன்னியாஸ்திரி! 2015 அக்டோபர் 18 அன்று போப்பாண்டவர் பிரான்சிஸ் அந்தப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் சேர்த்தே புனிதர்களாக அறிவித்தார். 'தகுதி இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பேர்!

கடைசிப் பெண்தான் தெரசா. 14 வயதில் கார்மேல் மடத்துக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "21 வயசு ஆகட்டும்" என்றார் மடத்துக்குப் பொறுப்பான குரு. அப்பாவோடு போய் ஆயரைப் பார்த்தாள். அங்கேயும் பிடி கொடுக்கவில்லை. 1887 நவம்பரில் ரோமாபுரிக்கு யாத்திரை போனார்கள். 'போப்பாண்டவரிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது' என்று கண்டிப்பாக உத்தரவு. இவள் திறந்தாள். காலடியில் உட்கார்ந்து கேட்டேவிட்டாள். பதிமூன்றாம் லியோ, கடவுளுக்குச் சித்தமானால் நடக்கும் என்று முடித்துக்கொண்டார். எழுந்திருக்க மறுத்தவளைக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள்.

அந்த யாத்திரையில் அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டா இருந்தாள்? ரோமில் கொலோசியம் பார்க்கப் போன இடத்தில், வேதசாட்சிகள் செத்த மண்ணைத் தொட வேண்டும் என்று, தடுப்பைத் தாண்டி அக்கா செலினோடு இடிபாட்டுக்குள் இறங்கிவிட்டாள். மேலே அப்பா பதறிக் கூப்பிடுகிறார்!

கடைசியில் 1888 புத்தாண்டு சமயம் அனுமதி வந்தது. ஆனால் மடத்திலிருந்து, 'தவக்காலம் முடியட்டும்' என்று இன்னும் மூன்று மாதம் தள்ளிப் போட்டார்கள். 'இருக்கிற வரை ஹாயாக இருப்போமே' என்று முதலில் தோன்றியதாம். பிறகு வேறு மாதிரி முடிவு செய்தாள். நாக்கு நுனி வரை வந்த எதிர்ப்பேச்சை விழுங்குவது, வீட்டில் யாருக்கும் தெரியாமல் சின்னச் சின்ன உதவி செய்வது... இவ்வளவுதான். பெரிய தவம் ஒன்றுமில்லை. 1888 ஏப்ரல் 9-ம் தேதி உள்ளே போனாள்.

"சரி மாமா, போட்டோ எடுத்தது யாரு?" என்றாள் மருமகள். பாதி மக்ரூன் காலி.

அங்கேதான் வருகிறேன். அந்தக் கொலோசியம் அக்கா, செலின். அவளுக்கும் மடத்துக்குப் போக ஆசை. ஆனால் தங்கை போன இரண்டே மாதத்தில், 1888 ஜூனில், அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விட்டார். லெ ஹாவ்ர் துறைமுகத்தில் போய்க் கண்டுபிடித்தார்கள். புத்தி தடுமாற ஆரம்பித்திருந்தது. 1889 பிப்ரவரியில் கான் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று வருஷம். 1892-ல் கால் விளங்காமல் சக்கர நாற்காலியில் திரும்பினார். 1894 ஜூலை 29-ல் சாகும் வரை பார்த்துக்கொண்டது செலின்தான். ஆறு வருஷம்!

அந்த ஆறு வருஷமும் அவள் பெட்டி மேல் உட்காரவில்லை. ஓவியம் வரைந்தாள். போட்டோ எடுக்கவும், அதைக் கழுவிப் பிரிண்ட் போடவும் பழகினாள். ஒரு பெண் காமிராவைத் தொடுவதே அதிசயமான காலம் அது. 1894 செப்டம்பர் 14 அன்று மடத்துக்குள் போனபோது, அந்தக் காமிராவும் அனுமதியோடு கூடவே போனது. மூன்றே வருஷத்தில், 1897 செப்டம்பர் 30 அன்று, தெரசா காச நோயில் செத்துப்போனாள். வயது 24. மடத்துக்குள் அவள் துணி துவைத்ததும், தோழிகளோடு நின்றதும், நோயில் படுத்திருந்ததும் இன்றைக்கு உலகத்துக்குத் தெரிகிறது என்றால், அது செலினின் காமிராவால்தான்.

"அவ நினைச்ச உடனே போயிருந்தா, அந்தக் காமிரா உள்ள போயிருக்குமா, மருமகளே?"

அவள் பேசவில்லை. ஆனால் அத்தான் பேப்பரை இறக்கினார். "திரும்பி வந்தவங்க யாரும் இல்லையா அந்த வீட்டுல?"

இல்லாமலா? லியோனி! ஐந்து பேரில் 'மக்கு' என்று பேர் வாங்கியவள். 1886-ல் ஒரு மடத்துக்குப் போய் இரண்டு மாதம்கூடத் தாங்காமல் திரும்பினாள். 1887-ல் இன்னொன்று, ஆறு மாதம். 1893-ல் மறுபடி, இரண்டு வருஷம். மூன்று தடவை பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான்காம் தடவை, 1899-ல், 35 வயதில் போனாள். 1941-ல் சாகும் வரை அங்கேயே இருந்தாள். அவளையும் புனிதராக்கும் விசாரணை 2015-ல் தொடங்கியது. ஊர் என்ன சொல்லியிருக்கும்? என்னமோ சொல்லியிருக்கும். சொன்ன ஊர்க்காரர்களின் பேர் இன்றைக்கு ஒருத்தருக்கும் தெரியாது.

அத்தான் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். படித்த மாதிரி தெரியவில்லை.

* * *

மறுநாளே ஞானோதயம் வந்து பெண் துள்ளிக் குதித்தாள் என்று எழுதினால் நீங்களும் நம்ப மாட்டீர்கள், ஆசிரியரும் போட மாட்டார். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கண்ணாடிக்குப் புதுக் காது வந்தது. அடுத்த மாதம் கீபோர்டு சத்தம் கேட்டது. ஜூலை கடைசியில் பனிமய மாதா கோயில் கொடியேறிய போது, பாட்டுக் குழுவில் ஓரத்தில் நின்றாள். ஸ்கூட்டர் ஓட்டப் பழகி, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். "கன்னியாஸ்திரிக்கு எதுக்குடி ஸ்கூட்டர்?" என்று அக்கா கத்தினாள். "மடத்துல பஸ் விடுதாங்களாம்மா?" என்றாள்.

முக்கியமாக, ஆச்சி. "ஆச்சி, இந்த நண்டுக் குழம்புக்கு மல்லி எவ்வளவு?" என்று கேட்டு, நோட்டில் எழுத ஆரம்பித்தாள். மகனை மறந்துபோன கிழவிக்கு மல்லிக் கணக்கு மறக்கவில்லை! ஒரு பிடி, அரைப் பிடி என்று கை அளவாகச் சொன்னாள். அவள் பழைய தாலாட்டைப் பாட, இவள் கீபோர்டில் சுருதி தேடுவாள். கிழவி சிரித்ததைப் பல மாதம் கழித்துப் பார்த்தேன்.

போன ஐப்பசியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். ராத்திரி. பக்கத்தில் இருந்தது மருமகள்தான். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சொன்னாள்: "லோன் மட்டும் இல்லன்னா நான் அன்னைக்கு இங்க இருந்திருக்க மாட்டேன், மாமா. எங்கயோ இருந்து தந்தி மாதிரி ஒரு போன் வந்திருக்கும். அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்து, "பாங்க்காரன் வட்டி வாங்கினான். எனக்கும் வட்டி கிடைச்சுது" என்றாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். மடமோ, குருமடமோ, காவியோ. பெற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். காத்திருக்கிற காலம், அவர்கள் மனசை மாற்ற நமக்குக் கிடைத்த அவகாசம் அல்ல. 'இனி இவ நம்மவ இல்லை' என்று கை கழுவுகிற காலமும் அல்ல. அந்தப் பிள்ளைகளுக்கும் ஒன்று. இரண்டு வருஷம் யாரிடமும் ஒட்டாமல் இருந்து பழகினால், உள்ளே போனதும் திடீரென்று ஒட்ட வருமா? மடத்திலும் மனுஷர்கள்தானே இருக்கிறார்கள்! ஒருவேளை கடைசியில் போகாமலே இருந்துவிட்டாலும் நஷ்டம் இல்லை. வாழ்ந்த நாள் வாழ்ந்ததுதான். அதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

எங்கள் கதையில் இன்னும் ஐந்து தவணை பாக்கி. போன வாரம் மருமகள் என்னை மடக்கினாள்.

"மாமா, எனக்குக் கல்யாணம்னா தாய்மாமன் சீர் எவ்வளவு செஞ்சிருப்பீங்க?"

"அது... ஒரு பவுனாவது..." என்று இழுத்தேன்.

"அந்தக் காசுல தவணையைக் கட்டிருங்களேன்."

நான் விடுவேனா? "ஒரு தவணை கட்டுதேன். மீதி நாலையும் நீயே கட்டு. உன் வட்டியை நான் கெடுக்கப்படாது, பாரு!" என்றேன்.