நெல் இலை செய்யும் பிழை

சித்திரை மாதத்து நண்பகலில் வயல் வரப்பில் நடந்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் நெற்பயிர், மறு பக்கம் மக்காச்சோளம். இரண்டும் புல் இனத்தைச் சேர்ந்தவை. இரண்டின் மீதும் ஒரே வெயில்தான் காய்கிறது. ஒரே காற்றுதான் வீசுகிறது. ஆனால் வெயில் ஏற ஏற மக்காச்சோள இலை தளராமல் சர்க்கரை தயாரித்துக்கொண்டிருக்கிறது. நெல்லின் இலையோ ஒரு கட்டத்துக்கு மேல் திணறுகிறது. அதுமட்டுமல்ல, தான் சேர்த்த பொருளில் ஒரு பகுதியைத் தானே வீணாக்கியும் விடுகிறது.

ஏன் இந்த வேறுபாடு? மக்காச்சோளத்தின் திறமையை நெல்லுக்கும் கற்றுக்கொடுக்க முடியுமா? உலக மக்களில் பாதிப் பேருக்கு அரிசிதான் முக்கிய உணவு. ஆகவே இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல; சோற்றுக் கேள்வி.

குட்டை நெல் சொல்லும் செய்தி

1966-ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகத்தை வெளியிட்டது. அது நம் ஊர் வயல்களிலும் விளைந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த ரகத்தின் இலை சூரிய ஒளியை வேறு விதமாகப் பயன்படுத்தியதா? இல்லை. பழைய நெட்டை ரகங்கள் தாம் தயாரித்த உணவின் பெரும்பகுதியைத் தாளில் செலவிட்டன. உரமிட்டால் உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிட்டன. குட்டை ரகமோ அந்த உணவில் பெரும்பங்கைக் கதிருக்கு அனுப்பியது; உரத்தையும் தாங்கி நின்றது. வைக்கோல் குறைந்தது, நெல் கூடியது.

இன்று நல்ல ரகங்களில் நிலத்துக்கு மேலுள்ள எடையில் ஏறத்தாழ பாதி நெல்மணியாகவே இருக்கிறது. இதற்கு மேல் தாளைக் குறைத்தால் கதிரைத் தாங்குவது எது? ஆகையால் பங்கீட்டை மாற்றிப் பெறக்கூடிய லாபம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. இனி விளைச்சலைக் கூட்ட வேண்டுமானால் பங்கிடப்படும் மொத்தப் பொருளையே கூட்ட வேண்டும். அதாவது, ஒளிச்சேர்க்கையைத் திருத்த வேண்டும்.

திருத்துவதற்கு இடமுண்டா? உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2008-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பயிரின் மீது விழும் சூரிய ஆற்றலில் நெல், கோதுமை போன்றவை மிக உயர்ந்த அளவாக 4.6 சதவீதத்தையும், மக்காச்சோளம் போன்றவை 6 சதவீதத்தையும் தம் உடற்பொருளாக மாற்ற முடியும் என்று அது காட்டியது. வயலில் பயிர்கள் இந்த அளவை எட்டுவதில்லை. அந்த 4.6-க்கும் 6-க்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு முக்கியக் காரணம் ஒரே ஒரு நொதி செய்யும் ஒரு பிழை.

ஆள் மாறாட்டம்

ஒளிச்சேர்க்கையில் இரண்டு கட்டங்கள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். முதல் கட்டத்தில் பச்சையம் ஒளியைப் பிடித்து, நீரைப் பிளந்து, ஆற்றலைச் சேமிக்கிறது. இரண்டாம் கட்டத்தில் அந்த ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவிலிருந்து சர்க்கரை உருவாகிறது. இந்த இரண்டாம் கட்டத்தைக் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் உதவியால் கண்டறிந்தவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த கால்வின், பென்சன், பாசம் ஆகியோர். இதற்காகக் கால்வினுக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

காற்றிலிருந்து வரும் கரியமில வாயுவை முதலில் பிடித்துக் கொடுப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. இது மிக மெதுவாக வேலை செய்யும் தொழிலாளி. பல நொதிகள் ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை மாற்றிவிடுகின்றன. பயிர்களின் ரூபிஸ்கோவோ விநாடிக்குச் சில மூலக்கூறுகளை மட்டுமே கையாளுகிறது. வேகம் இல்லாத குறையை ஆள்பலத்தால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. நெல், கோதுமை இலைகளில் கரையும் புரதத்தில் பாதியளவு வரை இந்த ஒரு நொதியாகவே இருக்கக்கூடும். நீங்கள் இடும் தழைச்சத்தில் கணிசமான பங்கு இதற்கே போகிறது.

மெதுவாக வேலை செய்வதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை வேறொன்று: ரூபிஸ்கோவுக்குக் கரியமில வாயுவையும் பிராணவாயுவையும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. காற்றில் 10,000 மூலக்கூறுகளை எடுத்துக்கொண்டால் அவற்றில் சுமார் 2,100 பிராணவாயு. கரியமில வாயு 4 மட்டுமே. இந்த நெரிசலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை ரூபிஸ்கோ ஆள் மாறிப் பிராணவாயுவைப் பிடித்துவிடுகிறது. இதை 1971-இல் இல்லினாயில் பணியாற்றிய போவ்ஸ், ஆக்ரென் ஆகியோர் சோதனையால் நிறுவினார்கள்.

பிராணவாயுவைப் பிடித்தால் என்ன ஆகும்? சர்க்கரைக்கு உதவாத ஒரு பொருள் உண்டாகிறது. அது கிளைக்கோலேட்டாக மாறுகிறது. அதை அப்படியே விட்டால் செடிக்குத் தீங்கு. எனவே பசுங்கணிகத்திலிருந்து புறப்பட்டு, செல்லின் வேறு இரண்டு உறுப்புகளின் வழியே சுற்றி வந்து, அதைப் பயனுள்ள பொருளாக மாற்றியாக வேண்டும். இந்தச் சுற்றுப் பயணத்தில் ஆற்றல் செலவாகிறது. ஏற்கெனவே பிடித்து வைத்த கார்பனில் நான்கில் ஒரு பங்கு மீண்டும் கரியமில வாயுவாகி வெளியேறுகிறது. இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர்.

வெயில் கூடினால் இந்த நஷ்டமும் கூடும். சூடான நீரில் இரண்டு வாயுக்களும் குறைவாகவே கரைகின்றன. ஆனால் கரியமில வாயுவின் கரைதிறன்தான் அதிகமாகக் குறைகிறது. நொதியின் பிரித்தறியும் திறனும் மங்குகிறது. நீர் வற்றாமலிருக்கச் செடி இலைத்துளைகளை மூடிக்கொண்டால் உள்ளே கரியமில வாயு மேலும் அருகிவிடுகிறது. வெப்ப நாட்டு உழவர்களாகிய நம்மைத்தான் இது மிகுதியாகப் பாதிக்கிறது.

இயற்கை ஏன் இப்படியொரு நொதியை வைத்திருக்கிறது என்று கேட்கிறீர்களா? ரூபிஸ்கோ தோன்றிய பழங்காலத்தில் காற்றில் பிராணவாயு இருந்ததே அரிது. ஆள் மாற எதிரில் வேறு ஆள் இல்லை! பின்னர் ஒளிச்சேர்க்கையே வெளியிட்ட பிராணவாயு, சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து காற்றில் சேரத் தொடங்கியது. தன் வேலையால் விளைந்த பொருளே தனக்கு இடைஞ்சலாகிவிட்டது.

கரும்பு காட்டிய வழி

இந்தப் பிழைக்கு மருந்து கண்டுபிடித்த செடிகளும் உண்டு. ஹவாய் தீவின் கரும்பு ஆராய்ச்சிக் கூடத்தில் கோர்ட்ஷாக்கும் அவருடைய கூட்டாளிகளும் கரும்பு இலைக்குக் கதிரியக்கக் கரியமில வாயுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். கால்வின் கண்டபடி மூன்று கார்பன் கொண்ட அமிலம் முதலில் தோன்ற வேண்டும். ஆனால் தோன்றியவையோ நான்கு கார்பன் கொண்ட அமிலங்கள். 1965-இல் வெளியான இந்த முடிவைத் தொடர்ந்து ஆராய்ந்து, 1966 முதல் அதன் முழு வழியையும் விளக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பணியாற்றிய ஹாட்ச், ஸ்லாக் ஆகிய இருவர். இவ்வகைச் செடிகளுக்கு சி-4 செடிகள் என்றும், நெல் போன்றவற்றுக்கு சி-3 செடிகள் என்றும் பெயர் வந்தது.

கரும்பு என்ன செய்கிறது? கலியாண வீட்டு வாசலில் ஒருவர் நின்று, வருபவர்களைப் பார்த்து அழைத்துச் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாதவர் உள்ளே நுழைய முடியாது. அதுபோல இலையின் வெளிப்புறச் செல்களில் வேறொரு நொதி காவல் நிற்கிறது. அதற்குப் பிராணவாயுவோடு எந்த உறவும் இல்லை. அது கார்பனை மட்டும் பிடித்து, நான்கு கார்பன் அமிலமாக்கி, நரம்பைச் சுற்றியுள்ள உள்ளறைச் செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே அமிலம் உடைந்து கரியமில வாயு வெளிப்படுகிறது. ரூபிஸ்கோ இருப்பது அந்த உள்ளறையில்தான். அங்கே கரியமில வாயு ஏறத்தாழ பத்து மடங்கு செறிந்திருப்பதால் பிழை செய்ய வாய்ப்பு மிகக் குறைவு.

இதற்குக் கூடுதல் ஆற்றல் செலவாகும். ஆனால் நல்ல வெயிலில் அந்தச் செலவு கட்டுப்படியாகும். நீரும் தழைச்சத்தும் கூட மிச்சம். கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, ஏன், வரப்பிலுள்ள அறுகம்புல் கூட இந்த வகைதான். தாவர உலகில் இந்த ஏற்பாடு தனித்தனியாக 60 முறைக்கு மேல் தோன்றியிருக்கிறது. இயற்கை இத்தனை முறை செய்ததை மனிதன் ஒரு முறை செய்ய முடியாதா?

இரண்டு முயற்சிகள்

நெல்லையே சி-4 செடியாக்குவது ஒரு முயற்சி. பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி 2008-இல் இதைத் தொடங்கினார்கள். வெற்றி பெற்றால் விளைச்சல் பாதியளவு வரை கூடலாம் என்பது அவர்கள் கணிப்பு. நொதிகளைப் புகுத்துவது மட்டும் போதாது; இலையின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டும். 2017-இல் ஒரு மக்காச்சோள மரபணுவைப் புகுத்தியதும், நெல்லில் நரம்பைச் சுற்றியுள்ள செல்களில் பசுங்கணிகங்கள் பெருகின. 2021-இல் ஐந்து மக்காச்சோள நொதிகளின் மரபணுக்களை ஒரே தொகுப்பாக நெல்லில் புகுத்தியதாகச் செய்தி வெளிவந்தது. கார்பன் புதிய வழியில் சிறிதளவு நுழைந்தது. ஆனால் வழி முழுவதும் ஓடவில்லை. வீட்டுக்கு அடித்தளம் போட்டாயிற்று. கூரை வெகுதூரத்தில் இருக்கிறது.

பிழையைத் தடுக்காமல், பிழைக்குப் பின் வரும் சுற்றுப் பயணத்தைக் குறுக்குவது இன்னொரு முயற்சி. இல்லினாயில் ஒரு குழுவினர் பாசி ஒன்றின் மரபணுவையும் பூசணியின் மரபணுவையும் புகையிலையில் சேர்த்தார்கள். கிளைக்கோலேட் பசுங்கணிகத்தை விட்டு வெளியேறும் வாயிலையும் ஒடுக்கினார்கள். அது உள்ளேயே குறுக்கு வழியில் பயனுள்ள பொருளாயிற்று. வயலில் அச்செடிகள் சாதாரணச் செடிகளைவிட 40 சதவீதத்துக்கும் அதிகமான எடையைச் சேர்த்தன. இது 2019-இல் வெளியானது. அதே ஆண்டில் தென் சீன வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நெல்லின் சொந்த நொதிகளையே பசுங்கணிகத்துக்குள் அனுப்பி வேறொரு குறுக்கு வழி அமைத்தார்கள். நெல் விளைச்சல் 7 முதல் 27 சதவீதம் வரை கூடியதாக அறிவித்தார்கள். 2022-இல் வெப்ப அலை வீசிய பருவத்தில் இல்லினாய் வயலில், குறுக்கு வழி பெற்ற உருளைக்கிழங்குச் செடிகள் 30 சதவீதம் அதிக எடையுள்ள கிழங்கைத் தந்தன.

அவசரப்பட வேண்டாம்

இந்த எண்களைக் கண்டதும் நாளைக்கே களஞ்சியம் நிரம்பிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். புகையிலையின் எடை இலையும் தண்டும்; நெல்லில் நமக்கு வேண்டியது மணி. இலை அதிகம் தயாரித்தாலும் கதிர் அதை ஏற்க வேண்டும். பூக்கள் மணி பிடிக்க வேண்டும். நீரும் உரமும் கூடவே கிடைக்க வேண்டும்.

ஒரு சோதனை நல்ல பாடம். கடும் வெயிலில் இலை மிகுதியான ஒளியை வெப்பமாக மாற்றித் தன்னைக் காத்துக்கொள்கிறது. மேகம் மறைத்த பின்னும் சிறிது நேரம் அந்தக் காப்பு நீங்குவதில்லை. அதனால் ஒளி வீணாகிறது. காப்பை விரைவில் நீக்குமாறு சோயா மொச்சையைத் திருத்தினார்கள். 2020-இல் வயலில் சில வரிசைகள் சராசரியாக 24 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக விளைந்தன. அடுத்த ஆண்டு பயிர் சாய்ந்து, குறிப்பிடத்தக்க லாபம் எதுவும் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளின் முடிவையும் ஒரே கட்டுரையில் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். விஞ்ஞானத்தின் வழி அதுதான். ஓராண்டு விளைச்சலை வைத்து ரகத்தை நம்பிவிடக் கூடாது என்பது உழவருக்கும் தெரிந்ததே.

காற்றில் கரியமில வாயு பெருகி வருகிறதே, அதனால் ரூபிஸ்கோவின் பிழை தானே குறையாதா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு குறையும். ஆனால் கூடவே வெப்பமும் ஏறுகிறது. வெப்பம் பிழையைக் கூட்டுகிறது. பூக்கும் நேரத்தில் கடும் வெப்பம் தாக்கினால் நெல் பதராகும். ஆகவே அதை நம்பி வாளாவிருக்க முடியாது.

உங்கள் பள்ளியில் நுண்பெருக்கி இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். மக்காச்சோள இலையையும் நெல் இலையையும் சவர அலகினால் குறுக்கே மெல்லியதாகச் சீவி, ஒரு சொட்டு நீரில் வைத்துப் பாருங்கள். மக்காச்சோளத்தில் ஒவ்வொரு நரம்பையும் சுற்றிப் பெரிய பச்சை செல்கள் மாலை கட்டியது போல நிற்கும். நெல்லிலும் நரம்பைச் சுற்றி வளையம் உண்டு. ஆனால் அது ஏறக்குறைய வெளிறியிருக்கும். அந்த வெளிறிய வளையத்தைப் பச்சையாக்கத்தான் இத்தனை நாடுகளின் ஆராய்ச்சிக் கூடங்கள் பாடுபடுகின்றன.