மிதித்தால் நிற்க வேண்டும்!

தோட்டத்தில் ஒரு பழைய வேன் இருந்தால் அது ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. காலையில் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், சம்பள நாளில் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள், நடு இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளி என்று லயத்துச் சனமெல்லாம் அதில்தான் ஏறுகிறது. இத்தனை உயிரும் ஓட்டுகிறவரின் காலடியில் இருக்கிறது. ஆனால் நம்மவர்கள் பலர், ரேடியோ பாடாவிட்டால் அன்றே பட்டறைக்கு ஓடுகிறார்கள். பிரேக் இறங்கினாலோ, "ரெண்டு தடவ மிதிச்சா பிடிக்குதுங்க, அடுத்த சம்பளத்துக்குப் பாத்துக்கலாம்" என்கிறார்கள்!

பிரேக் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போவதில்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நாம்தான் காது கொடுப்பதில்லை.

பிரேக் என்ன சொல்கிறது?

நிசான் வேனட் போன்ற பழைய வேன்களில் பெரும்பாலும் முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம்.

முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கி, இரண்டாவது மிதியில் மேலே நின்று பிடித்தால், பின் லைனிங் தேய்ந்து டிரம்மை விட்டு விலகியிருக்கும். அட்ஜஸ்ட் செய்தாலே சரியாகலாம். லைனிங் தீர்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

பெடல் பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. காற்றை எடுக்க வேண்டும். எந்த வழியாகப் புகுந்தது என்றும் தேட வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயரின் உட்புறத்தைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சக்கரப் பம்பு ஒழுகி லைனிங் நனைந்திருக்கும். நனைந்த லைனிங்கைத் துடைத்துப் போடக்கூடாது. இரண்டு பக்கமும் புதிதாக மாற்ற வேண்டும்.

பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்ல மெல்லக் கீழே போகிறதா? வெளியே ஒழுகல் இல்லையென்றால் மாஸ்டர் பம்பின் உள்ரப்பர் கெட்டிருக்கும். அந்த வேனில் அதன்பின் ஒரு பிள்ளையும் ஏறக்கூடாது.

எண்ணெயைக் கவனியுங்கள்

வாரம் ஒருமுறை பிரேக் எண்ணெய்ப் புட்டியைப் பாருங்கள். அளவு சட்டென்று குறைந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகலை அடைக்காமல் எண்ணெய் ஊற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். அவசரத்துக்குக்கூட இன்ஜின் எண்ணெயை ஊற்றாதீர்கள். ரப்பரெல்லாம் ஊதிப்போகும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 எண்ணெய் 205 டிகிரிக்குக் குறையாத சூட்டில்தான் கொதிக்கும். ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது எண்ணெய்க்குள் ஆவி உண்டாகி, பெடல் தரைக்குப் போய்விடும். அதனால் 2 வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது.

சடக்கில் போகும்போது

இறக்கத்தில் சின்ன கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை நிறுத்திவிட்டு உருட்டாதீர்கள். இன்ஜின் நின்றால் பூஸ்டரின் உதவியும் நின்று, பெடல் கல்லாகிவிடும். வெள்ளத்தில் இறங்கி ஏறினால், சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து உலர்த்துங்கள்.

ஓடும்போது பிரேக் போய்விட்டால் பதற வேண்டாம். பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். அது தனிக் கம்பியில் பின்சக்கரத்தைப் பிடிப்பதால், எண்ணெய் போனாலும் வேலை செய்யும். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழன்றுவிடும்.

டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

பிள்ளைகளை ஏற்றிவிடும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "அண்ணே, பிரேக்கை எப்ப பாத்தீங்க?" என்று கேளுங்கள். நல்ல ஓட்டுநர் கோபித்துக்கொள்ள மாட்டார். "கையில காசில்ல" என்று அவர் சொன்னால், ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டுப் பழுது பாருங்கள். திருவிழாவுக்கு வசூல் செய்யத் தெரிந்த நமக்கு, நம் பிள்ளைகளுக்காக இதுவும் முடியும்.