கொசு கொடுத்த பதவி, குயினைன் பறித்த பதவி

மிஷனரின்னு சொன்னதும் நம்ம மனசுல என்ன படம் வருது? தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், கையில பைபிள், சுத்தி ஊர்க்காரங்க. இன்னைக்கு நாம பேசப்போற மிஷனரி அந்தப் படத்துல அடங்க மாட்டார். அவர் பேர் சாமுவேல் அஜாயி க்ரௌதர்.

முதல்ல ஊரைப் பத்திச் சொல்லிடுறேன். இன்றைய சியரா லியோன் நாட்டின் தலைநகரம் ஃப்ரீடவுன். 1807-ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. அதுக்கப்புறம் பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலில் பிடிச்ச அடிமைக் கப்பல்களில் இருந்தவங்களை இந்த ஊரில்தான் கொண்டுவந்து இறக்கினாங்க. அதனால ஒரே ஊர்ல நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள்.

1822-ல் அப்படி வந்து இறங்கின ஒரு யோருபா பையன்தான் அஜாயி. வயசு 13 இருக்கலாம். 1825-ல் ஞானஸ்நானம் வாங்கினார். 1827-ல் ஃபூரா பே கல்லூரி தொடங்கினப்போ முதல் மாணவர்களில் ஒருத்தர். அதை நடத்தினது சர்ச் மிஷனரி சொசைட்டி. ஆமா, நம்ம பாளையங்கோட்டையில வேலை செஞ்ச அதே சங்கம்தான்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு பெரிய சிக்கல். அனுப்புற ஐரோப்பியர்களில் பலர் சில வருஷம்கூடத் தாங்காம மலேரியாவில் செத்துப்போனாங்க. அந்தக் கடற்கரைக்கே ‘வெள்ளைக்காரனின் கல்லறை’ன்னு பேர். 1841-ல் நைஜர் ஆற்றுக்குள்ள ஒரு பயணம் போச்சு. அதுல போன ஐரோப்பியர்களில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு பேர் இறந்தாங்க. கூடப் போன க்ரௌதர் திரும்பி வந்தார்.

பாடம் புரிஞ்சுது. 1843-ல் லண்டன்ல அவருக்குக் குருப்பட்டம். அடுத்த வருஷமே ஃப்ரீடவுன்ல யோருபா மொழியில ஆராதனை நடத்தினார். 1846-ல் இன்றைய நைஜீரியாவில் இருக்கிற அபெயோகுட்டா நகரத்துக்குப் போனார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது அவரோட அம்மா! அடிமை பிடிக்கிறவங்க பிரிச்சு 25 வருஷம் ஆகியிருந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு அம்மாவுக்கு அங்கே ஞானஸ்நானம் நடந்துச்சு. யோருபாவுக்குச் சொல்லகராதி, இலக்கணம், பைபிள் மொழிபெயர்ப்புன்னு அவர் செஞ்ச வேலை தனிக் கதை.

1864-ல் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில் அவரை பிஷப் ஆக்கினாங்க. ஆங்கிலிகன் சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப். ஆனா ஒரு விஷயம் கவனிங்க. அபெயோகுட்டாவில் இருந்த வெள்ளைக்கார மிஷனரிகள் ஒரு ஆப்பிரிக்கருக்குக் கீழே வேலை செய்ய ஒத்துக்கல. அதனால அந்த ஊரே அவர் பொறுப்பில் வரல. அவருக்குக் கிடைச்சது நைஜர் ஆற்றங்கரை. அங்கே ஆப்பிரிக்கர்களை மட்டுமே வெச்சு அவர் மிஷன் நடத்தினார்.

இப்போ கதையோட திருப்பம். 1854-லயும் நைஜர் ஆற்றுல ஒரு பயணம் நடந்துச்சு. அதுலயும் க்ரௌதர் இருந்தார். இந்தத் தடவை எல்லாருக்கும் முன்கூட்டியே குயினைன் கொடுத்தாங்க. காய்ச்சலில் யாரும் சாகல. இனிமே ஐரோப்பியர்கள் அங்கே உயிரோட இருக்கலாம்! அடுத்த முப்பது வருஷத்துல வியாபாரக் கம்பெனிகள் வந்தன. 1884-ல் கூடின பெர்லின் மாநாட்டுக்குப் பிறகு ஆப்பிரிக்காவைப் பங்கு போடுறது வேகமெடுத்துச்சு. ஆப்பிரிக்கர்களால் தலைமை தாங்க முடியாதுங்கிற பேச்சும் கூடவே வளர்ந்துச்சு.

1890-ல் ஒனிட்ஷாவில் ஒரு கமிட்டி கூடிச்சு. இங்கிலாந்திலிருந்து புதுசா வந்த இளம் மிஷனரிகள், எண்பது வயசு பிஷப் முன்னாடியே அவரோட குருமார்களை வேலையிலிருந்து நிறுத்தினாங்க. அவர் மகனும் அதுல ஒருத்தர். புகார்களில் சிலவற்றுக்கு அடிப்படை இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனா விசாரிச்சுத் திருத்துறதுக்குப் பதிலா, மொத்தமா கையிலிருந்து பிடுங்கினாங்க. க்ரௌதர் கமிட்டியிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31 அன்று லாகோஸில் இறந்தார். அடுத்து பிஷப்பா வந்தவர் ஒரு ஆங்கிலேயர். ஆப்பிரிக்கர்களுக்குத் துணை பிஷப் பதவிதான்.

2014-ல் கேன்டர்பரியில் அவருக்காக ஒரு வழிபாடு நடந்துச்சு. அதுல அப்போதைய ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி, க்ரௌதருக்கு நடந்ததுக்காக மன்னிப்பு கேட்டார்.

க்ரௌதரோட திறமை 1864-ல் இருந்த மாதிரியேதான் 1890-லயும் இருந்துச்சு. மாறினது அவரோட தேவை மட்டும்தான். நம்ம ஆபீஸ்லயும் ஒருத்தருக்குப் பொறுப்பு கொடுக்கும்போது, அவரை நம்பிக் கொடுக்கிறோமா, வேற ஆள் கிடைக்கலன்னு கொடுக்கிறோமா? யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.