42-க்கு 9: பாஸ்டன், செப்டம்பர் 1978

பேஸ்பாலில் நெட் ரன் ரேட் கிடையாது. 15-3 என்று ஜெயித்தாலும் சரி, 5-4 என்று ஜெயித்தாலும் சரி, பட்டியலில் ஏறுவது ஒரே ஒரு வெற்றி. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் தெரியும். அப்படின்னா அடித்து நொறுக்கிய ஆட்டத்துக்கு என்னதான் மதிப்பு? இதை யோசிக்க பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகளின் 1978 சீசனைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூலை 19 அன்று யாங்கீஸ், பாஸ்டனுக்கு 14 ஆட்டங்கள் பின்னால். அந்த வாரமே அவர்களுடைய மேனேஜர் பில்லி மார்ட்டின் ராஜினாமா செய்ய, பாப் லெமன் வந்தார். செப்டம்பர் 7 அன்று ஃபென்வே பார்க் மைதானத்தில் இரண்டு அணிகளும் சந்தித்தபோது இடைவெளி 4 ஆட்டங்கள்தான்.

முதல் நாள், நான்கு இன்னிங்ஸ் முடிவதற்குள் 12-0. கடைசியில் 15-3. மறுநாள் 13-2. மூன்றாம் நாள் ரான் கிட்ரி பந்து வீசினார், 7-0. நான்காம் நாள் 7-4. மொத்தம் 42-க்கு 9. ஹிட் கணக்கு 67-க்கு 21. போதாததற்கு பாஸ்டன் ஃபீல்டர்கள் நாலு நாளில் 12 எரர் செய்தார்கள். மூன்றாம் பேஸில் நின்ற புட்ச் ஹாப்சனுக்கு முழங்கையில் எலும்புத் துணுக்குகள். அந்தக் கையோடுதான் சீசன் முழுக்க பந்தை எறிந்துகொண்டிருந்தார். சீசனில் அவர் எரர் மட்டும் 43!

நான்காம் நாள் பாஸ்டன் மேனேஜர் டான் ஜிம்மர், யாங்கீஸுக்கு எதிராக நல்ல சாதனை வைத்திருந்த பில் லீயை விட்டுவிட்டு பாபி ஸ்ப்ரவுல் என்ற புதுப் பையனை இறக்கினார். முதல் இன்னிங்ஸைக்கூட அவரால் முடிக்க முடியவில்லை. 4 பேருக்கு வாக் கொடுத்துவிட்டுப் போனார். லீயோடு ஜிம்மருக்கு ஒத்துப்போகாது என்பது ஊரறிந்த விஷயம். என்னைக் கேட்டால் 15-3 கூட மன்னிக்கலாம், இதை மன்னிக்க முடியாது.

இந்தத் தொடருக்கு 'பாஸ்டன் படுகொலை' என்று பெயர். 1770-ல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதே ஊரில் 5 பேரைச் சுட்டுக் கொன்ற சம்பவத்தின் பெயர் அது. (வேடிக்கை என்னவென்றால், அப்போது நியூயார்க்கின் பெரிய தினசரிகள் மூன்றும் வேலைநிறுத்தத்தால் அச்சாகவே இல்லை.)

சரி, கணக்குக்கு வருவோம். சீசன் முழுவதும் யாங்கீஸ் அடித்தது 735 ரன், கொடுத்தது 582. வித்தியாசம் +153. பாஸ்டன் 796-க்கு 657, அதாவது +139. யாங்கீஸ்தான் மேல் என்று தோன்றும். இப்போது இந்த நாலு ஆட்டத்தையும் எடுத்துவிடுங்கள். யாங்கீஸ் +120, பாஸ்டன் +172! தலைகீழ்.

பில் ஜேம்ஸ் சொன்ன ஒரு சூத்திரம் இருக்கிறது. அடித்த ரன்னின் வர்க்கத்தை, அடித்தது கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், வெற்றி விகிதம் தோராயமாகக் கிடைக்கும். மீதி 159 ஆட்டங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். பாஸ்டனுக்கு 98.7 வெற்றி வருகிறது, நிஜத்தில் 99. யாங்கீஸுக்கு 94.4, நிஜத்தில் 96. ஆக, அந்த நாலு நாள் தவிர மற்ற நாட்களில் பாஸ்டன்தான் நல்ல அணி. அவர்கள் துவண்டுபோனார்கள் என்று காலகாலமாகச் சொல்லப்படும் கதையை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, சீசனின் கடைசி 8 ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்து யாங்கீஸைச் சமன் செய்தது இதே அணிதான்.

சமனை உடைக்க நெட் ரன் ரேட் இல்லையே, அதனால் அக்டோபர் 2 அன்று, மறுபடியும் ஃபென்வேயில், ஒரு கூடுதல் ஆட்டம். பாஸ்டனுக்குப் பந்து வீசியவர் மைக் டோரஸ், அந்த 15-3 ஆட்டத்தில் தோற்ற அதே பிட்ச்சர். முந்தைய வருஷம் யாங்கீஸுக்காக ஆடியவரும்கூட. 7-வது இன்னிங்ஸில், பவருக்குப் பேர்போகாத பக்கி டென்ட் அவர் பந்தை இடதுபக்கச் சுவருக்கு மேலே தூக்கி அடித்தார். மூன்று ரன். முடிவு 5-4, யாங்கீஸ்.